வரிசை மாற்றி மணியடிக்கும் கலை: எந்த நூல், எந்த மென்பொருள், எந்த நினைவுப்பொருள்?

முள்ளியவளை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புகளுக்கு இணைந்த கணிதம் கற்பித்து வருகிறேன். என் அக்காவின் மகள் இங்கிலாந்தில் லெஸ்ரர் நகருக்கு அண்மையில் வாழ்கிறாள். அங்குள்ள அங்கிலிக்கன் தேவாலயமொன்றின் கோபுரத்தில், கிழமைக்கொரு மாலை பயிற்சியும் ஞாயிறு காலை வழிபாட்டுக்கு முன்னர் மணியடிப்புமாக, ஒரு குழுவுடன் சேர்ந்து இயங்குகிறாள். மடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் வரவிருக்கும் அவள், "சித்தி, உங்கள் மாணவர்களுக்கு மணியடிப்புத் தொடர்பாக என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சரியான விடை சொல்வதற்காகவே உங்கள் உதவியை நாடுகிறேன்.

இக்கலையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நம் ஊர்த் தேவாலயங்களில் மணி கயிற்றால் அசைக்கப்பட்டு ஒலிக்கிறது. கோயில்களில் காண்டாமணியை இழுத்து அடிக்கிறோம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவாகி வளர்ந்த முறை வேறு. அங்கே ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்துடன் பொருத்தப்பட்டிருக்கும். வாய் மேல்நோக்கிய நிலையிலிருந்து புறப்பட்டு, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழு வட்டம் சுழன்று, மீண்டும் வாய் மேல்நோக்கி வந்து நிற்கும். ஒரு மணிக்கு ஒருவர். அவர்கள் பாட்டு எதையும் வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மணியை நினைத்தவுடன் வெகுவாக முந்தவோ பிந்தவோ வைக்க முடியாது என்பதால், ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு ஒரு மணி ஓரிடம் மட்டுமே நகரலாம், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கலாம். அதோடு எந்த வரிசையும் இரண்டாம் முறை வரக்கூடாது. 5 மணிகளுக்கு 120 வரிசைகள், 6 மணிகளுக்கு 720, 7 மணிகளுக்கு 5040. வரிசைமாற்றங்களும் சேர்மானங்களும் கற்பிக்கும் எவருக்கும் இதைக் கேட்டவுடன் ஆர்வம் எழாமல் இராது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. மணிக்கோபுரமே இல்லாத ஊரில் இருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் நூல் எது? எங்கள் கணினி அறையில் ஓடக்கூடிய மென்பொருள் உண்டா? நினைவுப்பொருளாக எதைக் கொண்டு வரச் சொன்னால் அது அலுமாரியில் தூசி படியாமல் வகுப்பில் பயன்படும்? இன்னொன்றும் உண்டு. அவளுடைய குழுவினருக்கு வன்னியிலிருந்து நாங்கள் எதையாவது கொடுத்தனுப்ப விரும்புகிறோம். மணியடிப்பவர்கள் மதிக்கும் பொருளாக அது இருக்க வேண்டும்.

வவுனியா ஓய்வுநிலை நூலகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நூல்களைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். மற்றவற்றை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

விலை கொடுக்காமலே கிடைப்பவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. இக்கலை பற்றி அச்சில் வந்த முதல் நூல் 'டின்டினலோஜியா'. 1668இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் ரிச்சர்ட் டக்வர்த். வெளியிட்டவர் ஃபேபியன் ஸ்டெட்மன். அச்சுத்தொழிலில் பயின்றவரான ஸ்டெட்மன், 1677இல் 'கம்பனலோஜியா' என்ற நூலைத் தாமே எழுதி வெளியிட்டார். இன்றும் கோபுரங்களில் அடிக்கப்படும் முறையொன்று, அதாவது வரிசைகளை மாற்றிச் செல்லும் திட்டமொன்று, அவர் பெயராலேயே வழங்குகிறது. 'டின்டினலோஜியா' குட்டன்பேர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜாஸ்பர் ஸ்னோடன் எழுதிய 'றோப் சைட்' உட்படப் பழைய மணியடிப்பு நூல்கள் பலவற்றை விற்றிங் சங்கம் என்ற மணியடிப்போர் சங்கம் மின்வடிவில் தன் தளத்தில் வைத்திருக்கிறது.

1668ஆம் ஆண்டு நூலில் உங்கள் மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி, ஒரு தடவைக்கு அடுத்தடுத்த இரண்டு மணிகளை மட்டும் இடம் மாற்றி எல்லா வரிசைகளையும் கடந்து வரும் வழியை விளக்கும் பகுதியாகும். இதே வழி 1960களில் கணினி அறிஞர்களால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, ஸ்டைன்ஹவுஸ், ஜோன்சன், ட்ரொட்டர் ஆகிய மூவரின் பெயரால் பாடநூல்களில் இடம்பெற்றது. கணினி அறிஞர் டொனால்ட் நூத் தமது பெருநூலில் இதற்கு மணியடிப்போர் வைத்த பெயரையே வைத்திருக்கிறார். அச்சுக்கூடமும் கயிறும் அறிந்த மனிதர்கள், கணினிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வழிமுறையைத் தாளில் எழுதி அதைக் கையாலும் நிறைவேற்றினார்கள் என்பதை மாணவர்கள் அறிவது, கணிதம் யாருடையது என்ற எண்ணத்தையே மாற்றும் என்று நம்புகிறேன்.

வாங்க வேண்டியவற்றில் நான் முதலில் சொல்வது, 'த றிங்கிங் வேர்ல்ட்' வார இதழை வெளியிடுவோர் ஆண்டுதோறும் கொண்டுவரும் சிறு டயறியை. அந்த இதழ் 1911இல் தொடங்கியது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்த டயறியில் பல முறைகளின் கோடுகள், அதாவது ஒரு மணி வரிசைக்கு வரிசை இடம் மாறிச் செல்லும் பாதைகள், அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டு முடிந்த பின்னும் அது கைநூலாகப் பயன்படும். இதழின் பழைய பிரதிகளை மணியடிப்போரின் மத்திய சபை இணையத்தில் வைத்திருக்கிறது. 1891இல் நிறுவப்பட்ட சபை அது.

றொனால்ட் டவ் தொகுத்து 1950இல் முதன்முதலாக வெளிவந்த 'டவ் கையேடு' இப்போது இணையத்தில் இலவசத் தரவுத்தளமாக இருக்கிறது. எந்த ஊரில், எத்தனை மணிகள், மிகப் பெரிய மணியின் எடை எவ்வளவு, எந்தச் சுருதி என்பவை அதில் உண்டு. எடைகள் அந்தர், குவாட்டர், இறாத்தல் என்ற பழைய அளவில் தரப்பட்டிருக்கும். ஓர் அந்தர் 112 இறாத்தல், அதாவது சுமார் 50.8 கிலோ. லிவர்பூல் பேராலயத்தின் மிகப் பெரிய மணி 82 அந்தர். அதைக் கிலோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். நான்கு தொன்னுக்கு மேல் வரும் விடையை முதலில் எவரும் நம்பமாட்டார்கள். நமக்கு அண்மையில் இந்தியாவின் பூனே நகரில், பரிசுத்த நாமப் பேராலயக் கோபுரத்தில், இங்கிலாந்தின் லஃப்பரோவில் வார்க்கப்பட்ட எட்டு மணிகள் தொங்குகின்றன.

கதை படிக்கும் மாணவர் இருந்தால், டொறதி சேயர்ஸ் 1934இல் எழுதிய துப்பறியும் நாவல் 'த நைன் ரெய்லர்ஸ்' ஒன்று போதும். புத்தாண்டு இரவில் ஒன்பது மணிநேரம் மணியடிக்கும் காட்சியோடு அது தொடங்குகிறது.

அறிவியல் நகர் மாணவன் எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். நான் உங்களிடம் படித்தவன். இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன்.

பாடசாலைக்கு ஏற்றது 'றிங்கிங் றூம்' என்ற இணையத்தளம். பெருந்தொற்று தொடங்கிய 2020இல், கோபுரங்களுக்குப் போக முடியாதிருந்த மணியடிப்போருக்காக அமெரிக்காவில் இருவர் உருவாக்கியது. இலவசம். கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. உலாவி ஒன்று போதும். ஒரு கணக்கைத் திறந்து, கோபுரம் ஒன்றை உருவாக்கினால் அதற்கோர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் மற்றவர்கள் அதே கோபுரத்துக்குள் வந்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு மணியை ஒதுக்கிய பின்னர் விசைப்பலகையின் ஒரு விசையை அழுத்தி அடிக்க வேண்டியதுதான்.

ஆட்கள் போதாவிட்டால் 'வீட்லி' என்ற தன்னியக்க மணியடிப்பாளர் அத்தளத்திலேயே உண்டு. ஒரு மாணவி ஒரு மணியை எடுத்துக்கொண்டால் மீதி மணிகளை அது அடிக்கும். அவளுடைய வேகத்தை அவதானித்துத் தன் வேகத்தையும் அது மாற்றிக்கொள்ளும் என்பதால், புதிதாகக் கற்பவர் விரட்டப்படமாட்டார்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்ல வேண்டும். விசையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே சிறு தாமதம் இருக்கும். இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் அது கூடும். கணினி அறையில் எல்லோரும் ஒரே இணைப்பில் இருந்தால் தாமதமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் என்பதால் தாளம் குலையாது. வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் இணைபவர்களால்தான் குலையும். அதோடு எல்லாக் கணினிகளின் ஒலியையும் திறந்துவிடாதீர்கள். ஒன்றின் ஒலிபெருக்கி மட்டும் போதும்.

இணையம் இல்லாமலும் இயங்கும் மென்பொருள் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் நெடுங்காலமாகப் பயன்படுவது 'ஏபல்'. விண்டோஸ் கணினிகளில் ஓடும், விலை உண்டு. 'பெல்ரவர்' என்பதும் அத்தகையதே. ஐபோன், ஐபாட் உள்ளவர்களுக்கு 'மோபல்'. இவற்றின் முழுப்பயன் கோபுரத்தில்தான் தெரியும். மணியின் நாக்கைக் கட்டி ஓசையை அடக்கிவிட்டு, சக்கரத்தின் அருகே ஓர் உணரியைப் பொருத்திக் கணினியுடன் இணைத்தால், உண்மையான கயிற்றை இழுப்பவருக்குக் கணினியிலிருந்து ஒலி வரும். ஊரவர் தூக்கம் கலையாமல் இரவு முழுதும் பழகலாம். நமக்கு அந்த வசதி இல்லாததால், விலை கொடுத்து வாங்கச் சொல்லி உங்கள் அக்கா மகளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

முறைகளின் கோடுகளைப் பார்ப்பதற்கு 'புளூலைன்' என்ற தளம் இலவசம். முழு இயற்றல்களை, அதாவது தொடக்கம் முதல் முடிவு வரை அடிக்கும் வரிசைத் தொடர்களை, தேடவும், எந்த வரிசையாவது இரண்டாம் முறை வருகிறதா என்று சோதிக்கவும் 'கொம்பொசிஷன் லைப்ரரி' என்ற தளம் உண்டு. ஆனால் அந்தச் சோதனையை மாணவர்களே பைதன் மொழியில் எழுதட்டும். வரிசைகளை ஒவ்வொன்றாக ஒரு தொடையில் சேர்த்துக்கொண்டு போய், ஏற்கெனவே உள்ள உறுப்பு மீண்டும் வந்தால் நிறுத்தினால் போதும். அவர்கள் படிக்கும் தொடைக் கோட்பாடு அங்கே வேலை செய்வதைக் கண்ணால் காண்பார்கள்.

மாந்தையிலிருந்து லஃப்பரோ சென்றவர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கும் நூலகர் ஐயாவுக்கும் வணக்கம். நான் மன்னார் மாந்தையைச் சேர்ந்தவன். இப்போது லஃப்பரோவில் வசிக்கிறேன், இங்குள்ள கோபுரமொன்றில் மணியடிக்கிறேன். நூலகர் ஐயா சொன்ன பழைய நூல்கள் அருமையானவை. எனினும் முதற்புத்தகமாக அவற்றை மாணவர் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் அவர்களைத் தடுத்துவிடும். பென்சிலும் கட்டத்தாளும் முதலில், ஓசை அடுத்து, அதன் பின்னரே நூல்.

நான்கு மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1234 என்று தொடங்கி, முதலில் இரு சோடிகளையும் இடம் மாற்றுங்கள்: 2143. அடுத்து நடுவிலுள்ள சோடியை மட்டும்: 2413. இப்படியே மாறிமாறிச் செய்தால் 4231, 4321, 3412, 3142, 1324 என வந்து, அடுத்த மாற்றத்தில் 1234 திரும்பிவிடும். எட்டு வரிசைகளில் முடிந்துவிட்டது. ஆனால் 24 வரிசைகள் வேண்டும். இங்கேதான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. 1324க்குப் பின்னர் நடுச்சோடியை மாற்றாமல், முதல் இரண்டையும் நிறுத்திவிட்டுக் கடைசிச் சோடியை மாற்றுங்கள்: 1342. அங்கிருந்து பழையபடி எட்டு வரிசை போனால் 1432 வரும். மீண்டும் கடைசிச் சோடியை மாற்றினால் 1423. அதிலிருந்து எட்டு வரிசை போய், அதே மாற்றத்தைச் செய்தால் 1234க்கே வந்து சேர்வீர்கள். மூன்று எட்டு இருபத்துநான்கு. ஒன்றும் மீளவில்லை, ஒன்றும் விடுபடவில்லை. இதன் பெயர் பிளெயின் பொப் மினிமஸ். அந்த எட்டு வரிசைகளும் ஒரு கூட்டம் (group) என்றும், மற்ற இரு தொகுதிகளும் அதன் இணைக்கணங்கள் (cosets) என்றும் பிற்காலத்துக் கணிதம் சொல்லும். கணித அறிஞர் லக்ராஞ்ச் இதைப் பற்றி எழுதுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கோபுரங்களில் இது கைவந்த வேலையாக இருந்தது.

எண்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 1 போகும் பாதையைச் சிவப்பாலும் 2 போகும் பாதையை நீலத்தாலும் இணைத்தால் கிடைப்பதையே இங்கே நீலக்கோடு என்கிறோம். நம் பாடசாலைகளில் ஆடும் பின்னற் கோலாட்டத்தில், ஒவ்வொரு பிள்ளையும் கையிலுள்ள நாடாவோடு உள்ளும் புறமுமாகச் சென்று பின்னலை இட்டு, தவறாமல் அவிழ்த்தும் முடிப்பதைப் போன்றது இது. மணியடிப்பவர் எண்களை மனப்பாடம் செய்வதில்லை. தன் கோட்டை மட்டும் மனத்தில் வைத்திருப்பார்.

ஓசைக்குக் கைமணிகள் மிகச் சிறந்தவை. கோபுரம் தேவையில்லை, ஒருவர் இரு கைகளிலும் இரண்டைப் பிடித்து அடிக்கலாம். ஆனால் சுருதி சேர்த்த நல்ல கைமணித் தொகுதி விலை மிகுந்தது, உங்கள் அக்கா மகளின் பயணப்பொதிக்கும் பாரம். அதற்குப் பதிலாக நான்கு கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டலாம். தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்கும் என்பதால், நிறைந்த குவளை மிகப் பெரிய மணியாகும். பாடசாலை மணியாகத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருக்கும் இடங்களில், பட்டறைக்காரரிடம் சொல்லி நான்கு நீளங்களில் இரும்புக் குழாய் வெட்டுவித்தால் இன்னும் நல்லது.

இனி நினைவுப்பொருட்கள். இங்கே கோபுரங்கள் பலவும் தம் மணிகளைப் பழுதுபார்க்கும் நிதிக்காகக் கோப்பை, பாத்திரம் துடைக்கும் துவாய், கழுத்துப்பட்டி, சட்டையில் குத்தும் சின்னம் முதலியவற்றை விற்கின்றன. மணியின் படம் மட்டும் போட்ட கோப்பையை வாங்க வேண்டாம்; ஒரு முறையின் கோடு முழுதும் அச்சிட்ட கோப்பையோ துவாயோ கேளுங்கள். அந்தத் துவாயை வகுப்புச் சுவரில் விரித்து ஆணியடித்தால் அது பாடப்படம் ஆகிவிடும்.

நான் முக்கியமாகக் கேட்கச் சொல்வது, சாலியின் வடிவில் செய்த திறப்புக் கோர்வை. கயிற்றில் கை பிடிக்கும் இடத்தில் கம்பளி நூலைச் செருகித் தடிப்பாக்கிய பகுதிதான் சாலி. சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பட்டைகள் மாறிமாறி வரும். முதல் இழுப்பில் கை சாலியைப் பிடிக்கும். மணி சுழலும்போது சாலி விரைந்து மேலே ஏறிவிடும் என்பதால் அதை விட்டுவிட வேண்டும். அடுத்த இழுப்புக் கயிற்றின் வாலில். விடாமல் பிடித்துக்கொண்டால் ஆளையே தூக்கிவிடும். பயன்பட்டுத் தேய்ந்த கயிறு மாற்றப்படும்போது வெட்டியெறியும் பழைய சாலித் துண்டு ஒன்றை அக்கா மகள் தன் கோபுரத்திலேயே கேட்டுப் பார்க்கட்டும். ஆயிரக்கணக்கான இழுப்பில் உள்ளங்கை பட்டுக் கம்பளி ஒரு பக்கம் மட்டும் அழுந்தி மினுங்கும். கடையில் வாங்கும் எதையும்விட அது உங்கள் மாணவர்களுக்கு இக்கலையைச் சொல்லும்.

லஃப்பரோவில் ஜோன் டெய்லர் வார்ப்பகம் இருக்கிறது. டெய்லர் குடும்பத்தார் 1839இல் இவ்வூருக்கு வந்தார்கள். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் 'கிறேட் போல்' மணி 1881இல் இங்கேதான் வார்க்கப்பட்டது. உடன் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. பிக் பென்னை வார்த்த வைட்சப்பல் வார்ப்பகம் 2017இல் மூடப்பட்ட பின்னர் டெய்லரின் முக்கியத்துவம் இன்னும் கூடியிருக்கிறது. அக்கா மகள் லெஸ்ரருக்கு அண்மையில் இருப்பதால் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். இவ்வார்ப்பகத்தின் கோபுரத்தில்தான் 1963 ஜூலை 27, 28ஆம் நாள்களில் எட்டுப் பேர், ஆள் மாறாமல், எட்டு மணிகளின் 40,320 வரிசைகளையும் அடித்து முடித்தார்கள். 17 மணி 58 நிமிடங்கள் பிடித்தன. வழக்கமான பீல் என்பது 5000 வரிசைகளுக்குச் சற்று மேல். அதற்கே சுமார் மூன்று மணிநேரம் ஆகும்.

ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் எந்தப் பிள்ளையும் ஊர்த் தேவாலயத்து மணியை முழு வட்டம் சுழற்றப் பார்க்கக்கூடாது. அவை அதற்காகப் பொருத்தப்பட்டவையல்ல. சுழலும் மணி தன் எடையின் பல மடங்கு விசையைச் சட்டத்தின் மீதும் சுவரின் மீதும் செலுத்தும். இதைப் பங்குத் தந்தையிடமும் சொல்லி வையுங்கள்.

முள்ளியவளை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. தம்பி, நீ சொன்னபடி வீட்லியையே முதலில் பயன்படுத்தப் போகிறேன். ஏபல் வேண்டாம் என்று அவளுக்கு எழுதிவிட்டேன். நூலகர் ஐயா சொன்ன டயறியையும், மாந்தை அண்ணா சொன்ன சாலித் துண்டையும், கோடு அச்சிட்ட ஒரு துவாயையும் கேட்டிருக்கிறேன்.

குவளைகளை வகுப்பில் வைத்துப் பார்த்தோம். நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு குவளை. 1234 என்ற ஒழுங்கில் சீராகத் தட்டுவதே முதலில் கடினமாக இருந்தது. ஒருவர் சற்றுப் பிந்தினால் அடுத்தவர் தடுமாறுகிறார். எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தட்டியபோது வரவில்லை. "நான் இப்போது யாருக்குப் பின்னால் தட்ட வேண்டும்" என்பதை மட்டும் பார்த்துத் தட்டியபோது எட்டு வரிசையும் பிசகாமல் வந்தது. மூன்றாம் குவளையைத் தட்டிய பிள்ளை, "ரீச்சர், நான் முன்னுக்கு வந்து, திரும்பிப் பின்னுக்குப் போகிறேன், அவ்வளவுதான்" என்றாள். கோடு என்றால் என்ன என்பதை அவளுக்கு அதன் பின்னர் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கிருந்து கொடுத்தனுப்பும் பொருளைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. பனங்கற்கண்டும் ஓலைப்பெட்டியும் கட்டாயம் போகும். ஆனால் மணியடிப்போடு தொடர்புள்ளதாக ஒன்று வேண்டும். அந்த நீலக்கோட்டை இங்கேயே துணியில் தைக்க முடியுமா?

புதுக்குடியிருப்புத் தையற்காரி எழுதியது:

ரீச்சர், வணக்கம். நான் சில பெண்களுடன் சேர்ந்து தையலும் பனையோலை வேலையும் செய்து வருகிறேன். மணியடிப்பைப் பற்றி ஒன்றும் அறியேன். ஆனால் மாந்தை அண்ணா எழுதிய வரிசைகளைக் கொப்பியில் எழுதி, கோட்டை இட்டுப் பார்த்தேன். நிச்சயமாகத் தைக்கலாம், நன்றாகவும் இருக்கும்.

இரண்டாம் மணி நிற்கும் இடங்களை எண்ணியபோது எனக்குக் கிடைத்தவை: முதல் எட்டில் 2, 1, 1, 2, 3, 4, 4, 3, அடுத்த எட்டில் 4, 3, 2, 1, 1, 2, 3, 4, கடைசி எட்டில் 3, 4, 4, 3, 2, 1, 1, 2. எட்டுக்கு எட்டு மாறும் இடத்தில் கோடு நேராகப் போகாமல் ஒரு தடவை பின்வாங்கி மீண்டும் போகிறது. அந்த மடிப்புத்தான் அழகு. ஒன்றாம் மணி மூன்று முறையும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறது. மூன்றும் நான்கும் போகும் கோடுகளையும் போட்டுப் பார்த்தேன். இரண்டின் கோடேதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. எண்ணியது சரிதானா என்று ரீச்சர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கைத்தறிப் பருத்தித் துணியில், சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, புத்தகத்தில் வைக்கும் அடையாள நாடா போல அகலம் குறைத்துச் செய்யலாம் என்று நினைக்கிறேன். வரிசைக்கு வரிசை சம இடைவெளி விட்டு, கோட்டைச் சங்கிலித் தையலாகப் போட்டால் திருப்பங்களில் நூல் இழுபடாது. ஓட்டுத் தையலில் மூலை மழுங்கிவிடும். ஒன்றாம் மணிக்குச் சிவப்பு, இரண்டாம் மணிக்கு நீலம். எண்களைத் தைக்க வேண்டாம். கோடு தெரிந்தவர்கள் பார்த்தவுடன் எந்த முறை என்று சொல்லிவிடுவார்கள் என்றால் அது போதும் அல்லவா? கீழ் ஓரத்தில் பனையோலையை மெல்லிய ஈர்க்காகக் கிழித்துப் பின்னிய கரை வைத்துக் கொடுப்போம்.

உங்கள் அக்கா மகளின் குழுவில் எத்தனை பேர் என்பதையும், நான்கு மணிக் கோடு போதுமா, அவர்கள் வழக்கமாக அடிக்கும் ஆறு மணிக் கோடு வேண்டுமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். ஆறு மணி என்றால் வரிசைகள் கூடும், துணியும் நீளும். அதன் கோட்டைக் கட்டத்தாளில் போட்டு அனுப்பினால் நானே துணிக்கு மாற்றிக்கொள்வேன். நீல நூல் கைவசம் இருக்கிறது. நல்ல சாயம் போகாத சிவப்பை வவுனியாவிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்பதால், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னராவது விடை வந்தால் உதவியாக இருக்கும்.

மாந்தையிலிருந்து லஃப்பரோ சென்றவர் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எண்ணிய இருபத்துநான்கு இடங்களும் சரி. அந்தப் பின்வாங்கும் மடிப்பை இங்கே டொட்ஜ் என்பார்கள். புதியவர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் அதுதான். லெஸ்ரர்ப் பக்கத்துக் கோபுரங்களில் ஆறு மணிகளுக்குக் குறையாதவை நிறைய உண்டு என்பதால், அதே முறையின் ஆறு மணி வடிவமான பிளெயின் பொப் மைனரின் கோட்டைத் தைப்பது பொருத்தம். ஒரு சுற்றுக்கு 60 வரிசைகள். பன்னிரண்டு வரிசைகளாக ஐந்து தொகுதிகள். கட்டத்தாளில் போட்டு ஆசிரியை அவர்களுக்கு இவ்வாரமே அனுப்பிவைக்கிறேன். எனக்கும் இரண்டு வேண்டும், விலையைச் சொல்லுங்கள்.